ஒட்டிய தரை ஓரத்தில் பெயர்வது ஏன்?

மருத்துவமனையின் காத்திருப்பு அறை, செல்பேசிக் கடை, வங்கி எனப் பல இடங்களில் இப்போது மரப்பலகை பதித்தது போன்ற தரையைப் பார்க்கிறோம். குனிந்து விரலால் தட்டிப் பாருங்கள். மரத்தின் ஓசை வராது. அது மரமன்று, பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருளால் ஆனதுதான். அதனுடன் சுண்ணாம்புக்கல் தூளையும், வளைந்து கொடுப்பதற்காக ஒருவகை எண்ணெயையும் கலந்து, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமுள்ள நீண்ட பட்டைகளாகச் செய்கிறார்கள். மேலே மரத்தின் படம் பதித்த மெல்லிய தாள். அதற்கு மேல் தேயாமலிருக்க ஒரு தெளிவான படலம். இதுதான் வினைல் பலகை. சிமெண்டுத் தரையில் பசை தடவி இதை வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள்.

ஓராண்டு கழித்து அதே இடத்துக்குப் போனால் சில பலகைகளின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். செருப்பு நுனி அதில் தடுக்கும். ஒன்றைக் கவனியுங்கள். நடுப்பகுதி உப்பிக்கொண்ட பலகையை எப்போதாவதுதான் பார்ப்பீர்கள். பெயர்வது பெரும்பாலும் ஓரமே. பசையை எங்கும் ஒன்றுபோலத்தானே தடவினார்கள்? அப்படியானால் ஓரத்துக்கு மட்டும் என்ன வந்தது?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் இந்தக் கேள்வி ஒரு மனிதரின் கூலிப் பிரச்சினையாகவே வந்து நின்றது. நூலகத்தின் தரைத்தளத்தில் புதிதாக ஒரு வாசிப்பறை கட்டி, மே மாதத்தில் வினைல் பலகை ஒட்டினார்கள். நவம்பர் மழையில் மேற்குச் சன்னல் பக்கத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக ஓரம் நிமிரத் தொடங்கின. ஒப்பந்தக்காரர், "ஒட்டினவர் பசையை மிச்சம் பிடித்துவிட்டார்" என்று சொல்லி, தரை ஒட்டிய மேஸ்திரிக்குத் தர வேண்டிய மீதிக் கூலியை நிறுத்திவைத்தார். மேஸ்திரியோ, "என் வேலையில் குறை இல்லை சார், தரையைப் பாருங்கள்" என்றார். முதல்வர் இயற்பியல் துறையை அழைத்து, "பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஒருவருடைய கூலி நம் சொல்லைப் பொறுத்து நிற்கும்போது ஊகமாக எதையும் சொல்ல முடியாது. முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

சுருங்க விரும்பும் பலகை

எந்தப் பொருளும் சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள பி.வி.சி. ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். ஏழு மடங்கு!

எங்கள் பலகை 90 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 மி.மீ. கனம். கோடைப் பிற்பகலில், மேற்கு வெயில் நேரே விழும் இடத்தில், 45 டிகிரியில் அதை ஒட்டியதாக வைத்துக்கொள்வோம். மழைக்கால இரவில் வெப்பநிலை 25 டிகிரி. இருபது டிகிரி குறைந்தால் பலகை 1.26 மி.மீ. சுருங்க வேண்டும். அடியிலுள்ள கான்கிரீட்டோ அதிகம் போனால் 0.18 மி.மீ. சுருங்கும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பலகை சுருங்கத் துடிக்கிறது. பசை விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் எவ்வளவு விசை பிறக்கிறது என்று பார்ப்போம்.

யங் குணகத்தை நீங்கள் மேல்நிலை வகுப்பில் படித்திருப்பீர்கள். அல்லது படிக்கப் போகிறீர்கள். வினைல் பலகையின் யங் குணகம் அதில் கலந்த தூளையும் எண்ணெயையும் பொறுத்து மாறும். கணக்குக்காக அதை எஃகின் யங் குணகத்தில் 400-இல் ஒரு பங்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் என்று கொள்வோம். தடுக்கப்பட்ட திரிபு 0.0012. இரண்டையும் பெருக்கினால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.6 நியூட்டன். பலகையின் குறுக்குவெட்டுப் பரப்பு 300 சதுர மில்லிமீட்டர். ஆக விசை 180 நியூட்டன். ஏறக்குறைய 18 கிலோ எடையை ஒவ்வொரு முனையிலும் கட்டி உள்நோக்கி இழுப்பதற்குச் சமம். யாரும் தொடாமல், அறையில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு பலகையும் இப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

பெஞ்சின் கடைசிப் பையன்

இந்த 18 கிலோவை யார் தாங்குவது? பலகையின் அடியில் முழுவதும் பசை இருக்கிறது. எல்லாப் பசையும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் சுமை ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பங்கிட்டுக்கொள்வதில்லை.

ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்தால் என்ன ஆகும்? நடுவில் இருப்பவனை இரு பக்கமும் ஒரே அளவு நெருக்குகிறார்கள். அவனுக்கு மூச்சு முட்டலாம். ஆனால் அவன் எந்தப் பக்கமும் நகரமாட்டான். பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. ஓரத்தில் இருப்பவன் நிலை வேறு. ஒரு பக்கத்திலிருந்துதான் தள்ளு வருகிறது. மறுபக்கம் யாரும் இல்லை. அவன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கையால் பெஞ்சைப் பற்றிக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது. (நான் படித்த பள்ளியில் என் இடம் அதுதான்.)

வெயிலில் விரியும் பலகை இந்தப் பெஞ்சைப் போன்றது. குளிரில் சுருங்கும்போது தள்ளுவதற்குப் பதிலாக இழுப்பு, அவ்வளவுதான் வேற்றுமை. நடுவிலுள்ள ஒவ்வொரு துணுக்கையும் இடமும் வலமும் சமமாக இழுக்கின்றன. அங்கே பசைக்கு வேலையே இல்லை. ஓரத்துத் துணுக்குக்கு ஒரு பக்கம்தான் அண்டை உண்டு. அதைப் பிடித்து நிறுத்துவது அதன் அடியிலுள்ள பசை மட்டுமே.

1938-இல் ஜெர்மானியரான ஃபோல்கர்சென் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். தகடுகளை இணைக்கும் ரிவெட்டு வரிசையை அவர் ஆராய்ந்தார். வரிசையிலுள்ள ரிவெட்டுகள் சுமையைச் சமமாகப் பங்கிடுவதில்லை. இரு கோடியிலும் இருப்பவையே பெரும் பங்கைச் சுமக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஒட்டிய இணைப்புக்கும் அதே கணக்குப் பொருந்தும். எங்கள் பலகைக்கும் பசைக்கும் அந்தக் கணக்கைத் தோராயமாகப் போட்டால், சுமையின் பெரும்பகுதி முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பாதிப் பலகை, அதாவது 45 செ.மீ., சேர்ந்து தாங்க வேண்டியதை 2 செ.மீ. தாங்குகிறது. 22 மடங்கு சுமை!

இன்னொன்றும் நடக்கிறது. பசை பலகையின் அடிப்பக்கத்தை மட்டும் பிடித்திருக்கிறது. மேற்பக்கத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஓரத்தில் மேற்பக்கம் அதிகமாகவும் அடிப்பக்கம் குறைவாகவும் சுருங்கும். அப்படியானால் ஓரம் எந்தப் பக்கம் வளையும்? வற்றிய குளத்தின் சேறு பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் தட்டுப்போல் மேலே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அங்கே மேல்சேறு முதலில் காய்ந்து சுருங்குகிறது. இங்கே வெப்பம் அந்த வேலையைச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் பலகையின் மேற்பரப்பிலிருந்து அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதும் இதே திசையில்தான் வேலை செய்யும்.

பகலில் வெயில் பட்டுப் பலகை விரியும்போது கதை தலைகீழாகும். அப்போது பக்கத்துப் பலகையோடு முட்டிக்கொள்ளும். இடைவெளி விடாமல் இறுக்கி ஒட்டிய தரையில் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தள்ளிக் கூரைபோல் எழும்புவதும் உண்டு. சூட்டில் வினைல் இளகும் என்பதால் அந்த நெருக்கத்தில் சற்றே அமுங்கியும்விடும். இரவில் குளிரும்போது பழைய நீளத்துக்கு வராமல் அதைவிடச் சற்றுக் குறைந்துபோகும். மறுநாள் மறுபடியும் அதே பாடு. பலகைகளுக்கிடையே நாளடைவில் கறுப்புக் கோடாகத் தெரியும் இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம்.

உரிப்பதும் இழுப்பதும்

இனி ஒரு சோதனை. செல்லோடேப்பு, எவர்சில்வர் தட்டு, நூல் கட்டிய சிறிய பிளாஸ்டிக் டம்ளர், இவை போதும். தட்டின் தட்டையான அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, டேப்பில் 5 செ.மீ. நீளம் ஒட்டுமாறு வைத்து அழுத்துங்கள். மீதி நுனியில் டம்ளரைத் தொங்கவிடுங்கள். முதலில் தட்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். டேப்பின் மேல் விழும் இழுப்பு இப்போது தட்டின் பரப்போடு ஒட்டியபடி, நேர் கீழாக இருக்கிறது. டம்ளரில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். டம்ளர் நிரம்பினாலும் டேப்பு அசையாது. இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய டேப்பு ஒட்டி, தட்டைக் கிடையாக, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பிடியுங்கள். டேப்பு தட்டிலிருந்து செங்கோணத்தில் தொங்கும். மறுபடியும் தண்ணீர் ஊற்றுங்கள். டேப்பு மெல்ல மெல்ல உரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தண்ணீரை அளவு பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம்.

அதே டேப்பு, அதே பசை, அதே 5 செ.மீ. ஆனாலும் ஏன் இந்த வித்தியாசம்?

பரப்போடு இணையாக இழுக்கும்போது ஒட்டிய இடத்தில் கணிசமான பரப்புப் பசை எதிர்த்து நிற்கிறது. உரிக்கும்போதோ, உரியும் கோட்டில் இருக்கும் மயிரிழை அகலப் பசை மட்டுமே தனியாக நின்று சண்டை போடுகிறது. அது விட்டதும் அடுத்த இழை. அதுவும் தனியாகத்தான்.

ரப்பர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரொனால்டு ரிவ்லின் என்ற ஆங்கிலேயர் 1944-இல் இதற்கு ஓர் அழகான கணக்கைத் தந்தார். ஒரு சென்டிமீட்டர் டேப்பை உரிக்கக் குறிப்பிட்ட அளவு வேலை செய்தாக வேண்டும். அந்த வேலை எந்தக் கோணத்தில் இழுத்தாலும் ஒன்றுதான் என்று கொள்வோம். வேலை என்பது விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி. செங்கோணத்தில் இழுத்தால், ஒரு சென்டிமீட்டர் உரிய உங்கள் கை ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. டேப்பை முழுதாக மடித்துப் பின்பக்கமாக இழுத்தால் கை இரண்டு சென்டிமீட்டர் நகரும். ஆகவே பாதி விசை போதும். 30 டிகிரிச் சாய்வில் இழுத்தால் கை நகர்வது 0.134 செ.மீ. மட்டுமே. அதே வேலையை அவ்வளவு சிறிய தூரத்துக்குள் செய்ய வேண்டுமானால் ஏழரை மடங்கு விசை வேண்டும். 10 டிகிரியில் 66 மடங்கு! (ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்தால் கை நகரும் தூரம் கிடைக்கும். மேல்வகுப்பு மாணவர்கள் படம் வரைந்து இதை நிறுவிப் பாருங்கள்.) கோணம் சுழியை நெருங்கும்போது விசை எல்லையின்றிப் பெருக வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது, உண்மையில் அதற்கு முன்பே டேப்பு நீண்டுவிடும், அல்லது அறுந்துவிடும்.

படிந்து கிடக்கும் பலகையின் நிலை அந்தச் சுழிக்கோண நிலை. அதன் மேல் எத்தனை பேர் நடந்தாலும், மேசையை இழுத்தாலும் பசைக்குக் கவலையில்லை. ஆனால் ஓரம் ஒரு மில்லிமீட்டர் நிமிர்ந்துவிட்டால் போதும். செருப்பு நுனி, நாற்காலிக் கால், தரை துடைக்கும் மாப், எல்லாம் அதை அடியிலிருந்து செங்கோணத்தில் நெம்பத் தொடங்கிவிடும். முதல் மில்லிமீட்டருக்குப் பல மாதம் ஆகலாம். அடுத்த ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வாரம்கூட ஆகாது.

தரையைத் திறந்து பார்த்தபோது

இந்தக் கணக்குகள் ஓரம் ஏன் பெயரும் என்று சொல்கின்றன. எங்கள் வாசிப்பறையில் ஆறே மாதத்தில் ஏன் பெயர்ந்தது என்று சொல்லவில்லை. ஒழுங்காக ஒட்டிய தரை பல ஆண்டுகள் இந்த இழுப்பைத் தாங்குகிறதே!

மூன்று பலகைகளைப் பெயர்த்தோம். சன்னலோரம் ஒன்று, அறை நடுவில் ஒன்று, புத்தக அலமாரியின் அடியில் ஒன்று. தரை ஒட்டுபவர்கள் பசையைப் பல் வெட்டிய கரணையால் இழுப்பார்கள். சீப்பு வாரியதுபோல் கோடுகள் விழும். மூன்று பலகைகளின் அடியிலும் அந்தக் கோடுகள் ஒரே சீராக, விளிம்பு வரை தெளிவாக இருந்தன. பசையை மிச்சம் பிடித்தவர் கை இப்படிக் கோடு போடாது. ஒப்பந்தக்காரரின் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்துவிட்டது.

ஆனால் சன்னலோரப் பலகையின் அடியில் பசை வெல்லப்பாகுபோல் இளகியிருந்தது. இரு பலகைகள் சேரும் இடுக்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அறை நடுவிலும் பசை இளகித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பலகையின் நடுப்பகுதி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரியின் அடியில் இருந்ததை எடுக்கச் சூடான காற்றை ஊதித்தான் இளக்க வேண்டியிருந்தது. அதன் மேல் புத்தகப் பாரம். வெயிலும் படாத இடம்.

வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது? கான்கிரீட் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே நீண்ட நாள் ஈரம் இருக்கும். ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். மழைக்காலமானால் இன்னும் கூடும். உள்ளேயிருக்கும் நீர் ஆவியாக மேலே வருகிறது. வினைல் பலகை அதை எளிதில் வெளியே விடாது. ஆவி பலகைக்கு அடியில் தேங்கி, இடுக்கு வழியாக வெளியேறும்போது தன்னுடன் கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. சிமெண்டு ஈரம் வெறும் தண்ணீரும் அன்று, அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல், கடுமையான காரம். பல வகைப் பசைகளின் மூலக்கூறுகளைக் காரம் துண்டாடிவிடும். கொழுப்பைக் காரம் சோப்பாக்குவதைப் போன்ற வேதிவினைதான். மேலிருந்து தரை துடைக்கும் தண்ணீரும் அதே இடுக்கில் இறங்குகிறது.

ஈரம் பசையை எங்கும் கெடுத்திருந்தது. நடுவில் சுமை இல்லை; கெட்ட பசையே போதுமாக இருந்தது. 22 மடங்கு சுமை விழுந்த ஓரத்தில் அது போதவில்லை.

இதைக் கண்ணால் காட்ட ஒரு பழைய வழி உண்டு. பலகை பெயர்த்த வெற்றுத் தரையில் 45 செ.மீ. சதுரமான பாலிதீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பு ஒட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளிகள். மேற்பக்கம் உலர்ந்திருந்தது. ஆகவே ஈரம் அறைக்காற்றிலிருந்து வரவில்லை, தரையிலிருந்துதான் வந்தது. உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். நுணுக்கமாக அளக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் துளியைப் பார்த்தபின் கருவி எதற்கு?

கட்டட வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினோம். கான்கிரீட் போட்ட ஆறாவது வாரத்தில் பலகை ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவு அவசரம் ஏன்? திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குறித்தது கல்லூரி. அந்தக் குழுவில் நானும் இருந்தேன், "தரை காய்ந்துவிட்டதா?" என்று நான் கேட்கவில்லை. ஆவியழுத்தத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பெடுப்பவன்!

மேஸ்திரி பக்கமும் ஒரு பிழை இருந்தது. லாரியிலிருந்து இறக்கிய பலகைகளை அறையில் இரண்டு நாள் வைத்திருந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின்தான் ஒட்ட வேண்டும். அவர் வெயிலில் கிடந்தவற்றை அப்படியே நண்பகலில் ஒட்டியிருந்தார். விரிந்த நிலையில் ஒட்டிய பலகை பின்னால் எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் மேலே கணக்கிட்டோம். அதை அவரிடம் சொன்னபோது, "நாள் கொடுத்தால்தானே சார் வைத்திருக்க முடியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

நிமிர்ந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பசை விட்டு அழுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வீடுகளில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடியில் ஈரமும், புழுதி ஒட்டிய பழைய பசையும், வளைந்துவிட்ட பலகையும் அப்படியே இருக்க, அது ஒரு மாதம் தாங்கினால் அதிகம். தரை உலர்ந்திருந்து ஓரிரு ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால், பலகையை வெந்நீர்த் துணியாலோ முடி உலர்த்தியாலோ இளக்கிப் படிய வைத்து, பழைய பசையைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, புதுப்பசை இட்டு, ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றிவைக்க வேண்டும்.

மீதிக் கூலி அந்த வாரமே கொடுக்கப்பட்டது. வாசிப்பறையின் பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையைத் திறந்து போட்டோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாணவர்கள் பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்துத் தேதியுடன் எழுதிவைத்தார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஒட்டிய தாள் முதன்முறையாகத் துளியில்லாமல் வந்தது. மார்ச்சில் அதே மேஸ்திரிதான் மறுபடி ஒட்டினார். பலகைகள் இரண்டு நாள் அறைக்குள்ளேயே அடுக்கிக் கிடந்தன; வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நின்றது; மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போட்டாகிவிட்டது.